கணக்கெடுத்தார்கள், கேட்டார்களா?

நோய் ஆராய்ச்சிக்கும் கிள்ளானுக்கும் நூற்றாண்டைத் தாண்டிய உறவு உண்டு. 1901இல் இங்கு அரசாங்க மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்துக்கு வடிகால் வெட்டியும் காட்டை அழித்தும் மலேரியாவை ஒடுக்கினார். கிள்ளான் பட்டணத்திலிருந்தும் இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் துறைமுகத்திலிருந்தும் மருத்துவமனைக்கு வந்த மலேரியா நோயாளிகள் 1902இல் 199 பேர். மறு ஆண்டில் 69 பேர்தான். ஆனால் மாவட்டத்தின் மற்றப் பகுதிகளில், ரப்பர் தோட்டங்கள் பெருகிய இடங்களில், நோய் அப்படித் தணியவில்லை. மழை குறைந்ததால் தணிந்தது என்றால் எங்கும் தணிந்திருக்க வேண்டுமே? தோட்டத்துக் காய்ச்சலே பட்டணத்து வெற்றிக்குச் சாட்சியானது.

பிறகு வாட்சனின் கவனம் தோட்டங்கள் மேல் திரும்பியது. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, இடது விலாவுக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். மண்ணீரல் வீங்கிக் கையில் தட்டுப்பட்டால், அந்தப் பிள்ளையை மலேரியா திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறது என்று பொருள். நூற்றுக்கு எத்தனை பிள்ளைகள் என்று எண்ணினால் தோட்டத்தின் நிலை தெரிந்துவிடும். செலவில்லை; மொழியும் வேண்டியதில்லை.

இந்த எண்ணிக்கையின் பலனைக் குறைத்துச் சொல்ல முடியாது. கடலோரச் சதுப்பில் காட்டை வெட்டினால் நோய் போகிறது. குன்றுப்பாங்கான தோட்டங்களில் வெட்டினால் கூடுகிறது என்பதை அதுதான் காட்டியது. நிழலில் வளரும் கொசு ஒன்று, வெயில் படும் தெளிந்த ஓடையில் வளரும் கொசு வேறொன்று. ஓரிடத்தில் பலித்த வழியை அப்படியே மற்றோர் இடத்தில் நட முடியாது என்பது பொதுச் சுகாதாரத்துக்குக் கிள்ளான் தந்த பாடம். ஆனால் மொழி வேண்டாத அந்த ஆராய்ச்சியில், தோட்டத்து மக்களின் சொல்லுக்கும் இடமில்லாமல் போயிற்று.

அதே காலத்தில் கோலாலம்பூர் மனநல விடுதியில் நடந்தது இன்னும் கூர்மையான உதாரணம். புழுங்கல் அரிசி உண்ணும் தமிழர்களைப் பெரிபெரி நோய் அண்டுவதில்லை என்று மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். 1905இல் வில்லியம் பிளெட்சர் அங்கிருந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தீட்டிய பச்சரிசியும் மறுபாதிக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். பச்சரிசி உண்ட 120 பேரில் 36 பேருக்கு நோய் கண்டது; 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் ஒருவரும் அந்நோயால் சாகவில்லை. நம் பானைச் சோற்றின் அருமையை உலக மருத்துவம் அறிந்துகொண்டது. மறுக்கும் நிலையில் இல்லாதவர்களின் உயிர் அதற்கு விலையாயிற்று.

இன்றைய நிலை அவ்வளவு கொடியதன்று. 1986 முதல் நடந்துவரும் தேசிய உடல்நல ஆய்வு முறையானது, ஒப்புதல் கேட்கிறது, வீடு வீடாக வருகிறது. 2019இல் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாக அது கண்டது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுக்கும்வரை தமக்கு நோய் இருப்பதே அறியாதவர்கள். இந்தியர்களிடையே விகிதம் 31.4. இந்த எண் இல்லாவிட்டால் நம் வீடுகளின் ‘இனிப்பு நீர்’ குடும்பத் துயரமாகவே அடங்கியிருக்கும். நிதி கேட்கவும் கொள்கை வகுக்கவும் கையில் ஓர் ஆதாரம் கிடைத்தது.

குறை அந்த எண்ணின் மடியிலேயே இருக்கிறது. ‘இந்தியர்’ என்ற ஒரே கட்டத்துக்குள் பங்சாரில் வசிக்கும் வழக்கறிஞரும், தோட்டம் துண்டாடப்பட்டுக் கிள்ளான் அடுக்குமாடிக்கு வந்து இரவு வேலை பார்க்கும் பாதுகாவலரும் சேர்ந்தே அடங்குகிறார்கள். பழி உடனே சோற்றின் மேலும் பலகாரத்தின் மேலும் விழுகிறது. வேலை நேரம், வருமானம், கிளினிக்குக்குப் போக எடுக்க வேண்டிய விடுப்பு ஆகியவை பேச்சில் பின்தங்கிவிடுகின்றன.

வாசலில் நடப்பதையும் பாருங்கள். “ஒரு நாளைக்கு எத்தனை கிண்ணம் காய்கறி சாப்பிடுவீர்கள்?” என்று கேட்டால் பாட்டி என்ன சொல்வார்? சாம்பாரில் கரைந்த பூசணி கணக்கில் சேருமா, பேரப்பிள்ளைக்கு ஒதுக்கி வைத்தது போக மிஞ்சியதைச் சொல்வதா? மலாயில் கேட்டால் தலையாட்டுவார். தமிழ் பேசும் மிஸ்ஸி (செவிலியர்) கேட்டால், மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவதைச் சொல்வார். அந்த இரண்டாவது பதில்தான் சிகிச்சையை மாற்றக்கூடியது. படிவத்தில் அதற்குக் கட்டம் இருப்பதில்லை. கேட்கத் தெரிந்த செவிலியர் தகவல் சேகரிப்பவராகவே நிற்கிறார். கேள்வியை வகுக்கும் மேசையில் அவருக்கு நாற்காலி அரிது. முறைவேலை முடித்து வருபவருக்கு ஆராய்ச்சிக்கென்று நேரம் ஒதுக்குவாரும் இல்லை.

இந்தக் குறை நமக்கு மட்டும் உரியதன்று. ஆப்பிரிக்காவில் சமூகங்களிடம் இரத்தமும் தகவலும் திரட்டிக்கொண்டு போனவர்கள் முடிவைச் சொல்லத் திரும்பாத கதைகள் ஏராளம். தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017இல் தங்களுக்கென ஓர் ஆராய்ச்சி நெறிமுறையே வகுத்தார்கள். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை என்ற நான்கையும் ஆய்வாளர்களிடம் கேட்டார்கள். சன்னல் வழியே நுழையாமல் வாசல் வழியே வாருங்கள் என்பதே அதன் சாரம்.

கணக்கெடுப்பு வேண்டாம் என்பது என் வாதமன்று. எண்ணப்படாதவருக்கு எதுவும் வந்து சேராது. ஆனால் கேள்வியை வகுக்கும்போதே மிஸ்ஸியும் பாட்டியும் உடனிருக்க வேண்டும்; வருமானமும் தொழிலும் இனத்தோடு சேர்த்துப் பார்க்கப்பட வேண்டும்; முடிவு அதே அடுக்குமாடிக்குத் தமிழில் திரும்பி வர வேண்டும். இம்மூன்றும் இல்லாத ஆய்வு, கணக்கில் சரியாக இருந்தாலும் கடமையில் பாதிதான்.

அடுத்த முறை ஆய்வுக் குழு உங்கள் கதவைத் தட்டினால் திறந்து பதில் சொல்லுங்கள். அவர்கள் எழும்போது நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: “முடிவை எப்போது, எந்த மொழியில் எங்களுக்குச் சொல்வீர்கள்?”