பதினைந்து இடங்களும் பங்சாரும்

நாட்டு மன்றத்தில் ஒரு சிறிய மாநிலத்துக்கு எத்தனை இடங்கள் இருந்தன என்று எழுதுவது எளிது. அவ்விடங்களில் அமர்ந்தவர்களை அனுப்பியவர் யார், அவர்கள் யாருக்காகப் பேசினர் என்று எழுதுவது அத்துணை எளிதன்று. மலேசிய நாடாளுமன்றத்தில் சிங்கப்பூர் இடம்பெற்றிருந்த வரலாறு 1963 செப்டம்பர் 16-இல் தொடங்கி 1965 ஆகஸ்டு 9-இல் முடிந்தது. அது தமிழில் சொல்லப்படும்போது பெரும்பாலும் முதற்கேள்வியோடு நின்றுவிடுகிறது. பதினைந்து இடம் கொடுத்தார்கள், அது போதவில்லை, ஆகவே பிரிந்தார்கள் என்று மூன்று தொடரில் மாணவருக்குச் சொல்லி முடித்துவிடுவோர் உண்டு. இம்மூன்றில் முதற்றொடர் உண்மை; இரண்டாவது பாதி உண்மை; மூன்றாவதோ முன்னிரண்டிலிருந்து பெறப்படும் முடிவே அன்று.

முதலில் கணக்கு. 1957-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மலாயாவின் மக்கள்தொகை சுமார் 62 லட்சத்து 79 ஆயிரம். சிங்கப்பூரின் மக்கள்தொகை சுமார் 14 லட்சத்து 46 ஆயிரம். 1960-ஆம் ஆண்டுக் கணக்கில் சரவாக்கில் சுமார் 7 லட்சத்து 45 ஆயிரம் பேரும், அந்நாளில் வட போர்னியோ எனப்பட்ட சபாவில் 4 லட்சத்து 54 ஆயிரம் பேரும் இருந்தனர். புதிய மக்களவையின் 159 இடங்களில் மலாயாவுக்கு 104, சரவாக்குக்கு 24, சபாவுக்கு 16, சிங்கப்பூருக்கு 15 என்று பிரிக்கப்பட்டது. வகுத்துப் பார்ப்போர்க்கு விளங்கும்: மலாயாவில் 60 ஆயிரம் பேருக்கு ஓர் உறுப்பினர், சரவாக்கில் 31 ஆயிரம் பேருக்கு ஒருவர், சபாவில் 28 ஆயிரம் பேருக்கு ஒருவர், சிங்கப்பூரிலோ 96 ஆயிரம் பேருக்கு ஒருவர். மலாயாவின் அளவுகோலையே சிங்கப்பூருக்கும் வைத்திருந்தால் 24 இடங்கள் வந்திருக்கும். நிலப்பரப்பில் பெர்லிஸைவிடச் சிறிய அந்தத் தீவு, மக்கள்தொகையில் சபாவையும் சரவாக்கையும் கூட்டினாலும் பெரியது. ஆயினும் அவ்விரண்டும் சேர்ந்து பெற்ற இடங்கள் 40. அது பெற்றவை 15.

இதைக் கண்டவுடன் வஞ்சனை என்று சொல்லத் தோன்றும். பலரும் அவ்வாறே எழுதியும் இருக்கின்றனர். ஆனால் இது திருட்டுத்தனமாகக் குறைக்கப்பட்டதன்று. பேசி, விலை வைத்து, ஒப்புக்கொண்டு செய்த பண்டமாற்று. கல்வியும் தொழிலாளர் துறையும் மாநிலத்தின் கையிலேயே இருக்கும். அதற்கு ஈடாக நடுவண் மன்றத்தில் இடங்கள் குறையும் என்பதே உடன்பாடு. அந்நாளில் இதற்கு வட அயர்லாந்தை எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். அங்கும் தனி நாடாளுமன்றம் ஒன்று இருந்தமையால் லண்டன் மன்றத்தில் அப்பகுதிக்கு மக்கள்தொகைக்கு உரியதைவிடக் குறைவான இடங்களே இருந்தன. பல்லாண்டு காலம் பன்னிரண்டுதான். 1972-இல் அத்தனி மன்றம் நிறுத்தப்பட்ட பிறகு, 1983 தேர்தலில் அது பதினேழாக உயர்ந்தது. வீட்டில் அதிகாரம் குறைந்தபோது வெளியே குரல் கூடியது. பண்டமாற்றின் நியாயம் இதுவே.

தமிழாசிரியர்க்கு இது அயலார் செய்தி அன்று. சீனக் கல்வி பற்றி ஆராய்ந்த அனைத்துக் கட்சிக் குழு 1956-இல் அளித்த அறிக்கையின்வழி, நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்துவது சிங்கப்பூரின் கொள்கையாயிற்று. மலாயாவிலோ 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்கீழ் அரசாங்க உதவி பெறும் தமிழ்ப்பள்ளி தொடக்க நிலையோடு நின்றது. கல்வி மாநிலத்தின் கையில் இருக்கட்டும் என்று சிங்கப்பூர் கேட்டதன் பொருள் அந்த வேறுபாட்டில் இருக்கிறது. இழந்த ஒன்பது இடங்களைப் பற்றி வருந்துவோர், அவ்விடங்களைக் கொடுத்து வாங்கியது என்ன என்பதையும் எழுதினால் அல்லவா கணக்கு நேராகும்? வரவு எழுதாமல் செலவு மட்டும் எழுதும் பேரேடு எந்தக் கடையிலும் செல்லாது.

இனி, இரண்டாங் கேள்விக்கு வரலாம். அந்தப் பதினைந்து பேரை அனுப்பியவர் யார்? சிங்கப்பூர் வாக்காளர் அல்லர். 1963 செப்டம்பர் 21-இல் சிங்கப்பூரில் நடந்தது மாநிலச் சட்டமன்றத் தேர்தல். 51 இடங்களில் மக்கள் செயல் கட்சி 37, பாரிசான் சோசலிஸ் 13, ஐக்கிய மக்கள் கட்சி 1 என்று முடிவு வந்தது. அச்சட்டமன்றமே தன் உறுப்பினரிலிருந்து பதினைவரைத் தேர்ந்து கோலாலம்பூருக்கு அனுப்பியது. பன்னிருவர் மக்கள் செயல் கட்சியினர், மூவர் பாரிசான் சோசலிஸ் கட்சியினர். 1964 ஏப்ரல் 25-இல் நாடாளுமன்றப் பொதுத்தேர்தல் மலாயா மாநிலங்களில் மட்டுமே நடந்தது. ஆகவே, இணைந்திருந்த காலம் முழுவதிலும் சிங்கப்பூர்க் குடிமகன் ஒருவனும் மலேசிய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கேனும் நேரே வாக்குச்சீட்டு இட்டதில்லை. பதினைந்து போதுமா போதாதா என்று வாதிடும் நூல்கள், இந்த ஒன்றை அடிக்குறிப்பிற்குத் தள்ளிவிடுவது பெருங்குறை.

இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டியது குடியுரிமை பற்றிய ஏற்பாடு. சிங்கப்பூர்க் குடிமக்கள் அனைவரும் மலேசியக் குடிமக்கள் ஆயினர், பெயர் ஒன்றுதான். ஆனால் சிங்கப்பூர்க் குடிமகன் சிங்கப்பூரில் மட்டுமே வாக்களிக்கலாம், அங்கு மட்டுமே தேர்தலில் நிற்கலாம். மற்றை மாநிலத்தார்க்குச் சிங்கப்பூரில் அவ்வுரிமை இல்லை. ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். சுவருக்கு இப்பால் தேர்தலில் நிற்க வேண்டுமானால் இப்பக்கத்துக் குடியுரிமை வேண்டும். அவ்வாறு நின்றவர்களுள் ஒருவர்தான் மலாக்காவில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்த தேவன் நாயர்.

அவர் நின்ற தொகுதி பங்சார். பிரிக்பீல்ட்ஸை ஒட்டிக் கிடக்கும் அந்த ஊரின் பெயரே புங்கே, கிரிசார் என்னும் இரு ஐரோப்பியப் பெயர்கள் சேர்ந்த ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தது என்பர். 1959-இல் அத்தொகுதியை வென்றவர் சோசலிஸ்ட் முன்னணியின் வி. டேவிட், தொழிற்சங்கவாதி. எதிர்த்து வந்த தேவன் நாயரும் சிங்கப்பூரில் தொழிற்சங்க இயக்கத்தை நடத்தியவரே. 1964-இல் மக்கள் செயல் கட்சி மலாயாவில் ஒன்பது நாடாளுமன்றத் தொகுதிகளில் உண்மையாகப் போட்டியிட்டது. எட்டில் தோற்றது. பங்சாரில் மட்டும் 808 வாக்கு வேறுபாட்டில் வென்றது. மலாயாவின் 104 இடங்களில் 89-ஐக் கூட்டணி கைப்பற்றியது.

தோல்விப் பட்டியலில் ஒரு விதிவிலக்காகவே இவ்வெற்றியைக் காட்டுவது மரபாகிவிட்டது. ஆனால் மேலே சொன்னதோடு இதை வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். சிங்கப்பூரை ஆண்ட கட்சியின் சார்பில் மலேசிய நாடாளுமன்றத்துக்கு வாக்காளரால் நேரே தெரிவு செய்யப்பட்டவர் ஒருவரே. அவரைத் தெரிவு செய்தவர்களோ கோலாலம்பூர்க்காரர்கள். தீவின் பெயரால் வந்த பன்னிருவர் சட்டமன்றத்தின் தூதர். பங்சாரிலிருந்து வந்த ஒருவர்தான் மக்களின் பேராளர். பிரதிநிதி என்று இருசாராரையும் ஒரே சொல்லால் குறிப்பது பிழையன்று. ஆயினும் அச்சொல் மறைக்கும் வேறுபாட்டை எடுத்துக்காட்டுவது எழுதுவோன் கடமை.

அந்தப் பன்னிருவரிலும் எத்தனை பேர் "சிங்கப்பூரார்" என்று கேட்பதும் தகும். கோ கெங் சுவீ மலாக்காவில் பிறந்தவர். டோ சின் சாய் பேராக்கில் பிறந்தவர். ஓங் பாங் பூன் கோலாலம்பூரில் பிறந்தவர். சி. இராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிரம்பானில் வளர்ந்து, கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத்திலும் பயின்றவர். மலாயாத் தேர்தலில் இறங்குவது என்ற முடிவு, லீ குவான் யூ ஆப்பிரிக்கப் பயணத்தில் இருந்தபோது இத்தகையோரால் எடுக்கப்பட்டது. சொந்த ஊரை நோக்கித் திரும்பிப் பார்த்தவர்களின் முடிவு அது என்று கொண்டால், பேராசை என்று மட்டும் அதைத் தள்ளிவிட இயலாது.

கோலாலம்பூரில் அதை அவ்வாறு யாரும் கொள்ளவில்லை. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்னும் பழமொழி இங்கே பொருந்துவதுபோல் வேறெங்கும் பொருந்தாது. மலாயாத் தேர்தலில் போட்டியிடுவதில்லை என்று 1963 செப்டம்பரில் லீ கூறியிருந்தார். அந்தச் சொல் மீறப்பட்டது என்பது துங்கு அப்துல் ரஹ்மான் பக்கத்தாரின் குறை. சிங்கப்பூர்த் தேர்தலில் கூட்டணியும் முன்னதாகவே இறங்கி, ஓரிடமும் பெறாமல், மலாய்க்காரர் மிகுந்த தொகுதிகளையும் இழந்தது என்பது மறுபக்கத்தாரின் விடை. இரு கட்சியும் சுவரின் மறுபுறம் கால் வைத்துப் பார்த்தன. ஒன்றுக்கு ஓரிடம், மற்றதற்கு அதுவும் இல்லை.

இவ்விருவரின் நினைவு நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்பது பயன் தரும். துங்குவின் 'லுக்கிங் பேக்' (1977) நாளிதழில் அவர் வாரந்தோறும் எழுதியவற்றின் தொகுப்பு. திண்ணையில் அமர்ந்த பெரியவர் பேசுவது போன்றது. லீயின் 'தி சிங்கப்பூர் ஸ்டோரி' (1998) வழக்குரைஞர் நடை. நாள், மணி, யார் யாரிடம் என்ன சொன்னார் என்பதெல்லாம் வரிசையாக வரும். படிப்போரை அருகில் இழுப்பது முன்னது. நம்ப வைப்பது பின்னது. ஆயினும் இரண்டும் தலைவர்கள் தலைவர்களோடு நடத்திய பேச்சின் வரலாறே. 808 என்ற எண்ணுக்குப் பின்னால், இரண்டு தொழிற்சங்கத் தலைவர்களை எதிரெதிரே நிறுத்திவிட்டு, எவருக்கு வாக்களிப்பது என்று நின்ற இரயில்வேத் தொழிலாளி எந்த நூலின் மையத்திலும் இல்லை. அவனை எழுத வேண்டியவர் தமிழில் எழுதுவோரே. ஆங்கில நூல்களின் சுருக்கத்தை மொழிபெயர்ப்பதோடு அப்பணி முடிந்துவிடாது.

மன்றத்தில் பதினைவர் செல்வாக்கு அவர்களின் எண்ணிக்கையால் அளக்கத்தக்கதாகவும் இல்லை. 1965 மே 27-இல் லீ ஆற்றிய உரையின் ஒரு பகுதி மலாயில் அமைந்தது. வாக்கெடுப்பில் அதற்கு வலுவில்லை. ஆனால் கேட்டவர்களைக் கலங்க வைத்தது அது. பதினைந்துக்குப் பதிலாக இருபத்து நான்கு பேர் பின்னால் அமர்ந்திருந்தால் அந்தக் கலக்கம் கூடியிருக்குமே அன்றிக் குறைந்திராது. இடங்கள் போதாமையால் பிரிவு வந்தது என்னும் வாதம் இங்கே உடைகிறது. 1965 ஆகஸ்டு 9-இல் பிரிவினைச் சட்டம் 126 வாக்குகளுடன், எதிர்வாக்கு ஒன்றும் இல்லாமல் நிறைவேறியது.

அன்று மன்றத்தில் மாறிய கணக்கொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. அரசியல் சட்டத்தைத் திருத்தப் பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 159-இல் அது 106. மலாயாவின் 104 பேரும் ஒருமித்தாலும் இருவர் குறைவர். சிங்கப்பூர் நீங்கி 144 ஆனபோது அது 96. மலாயாவின் 104 அதைத் தாண்டிவிட்டது. சிங்கப்பூரின் பதினைந்து சிங்கப்பூருக்கு எவ்வளவு பயன்பட்டது என்பதைவிடச் சபா, சரவாக்குக்கு எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்பதே பெரிய கேள்வி. அவ்விரு மாநிலங்களின் இட விகிதம் குறையாது என்னும் காப்பு 1970 ஆகஸ்டு இறுதிக்கு முன் கூடும் நாடாளுமன்றங்களுக்கு மட்டுமே எழுதப்பட்டது. இன்றைய 222 இடங்களில் லாபுவானையும் சேர்த்து அவர்கள் பங்கு 57. மூன்றில் ஒரு பங்கு வேண்டும் என்று இப்போது எழும் கோரிக்கை, அந்நாளில் 55 பேர் இருந்த நினைவிலிருந்து வருகிறது. அந்த 55-இல் 15 சிங்கப்பூருடையவை.

ஆகஸ்டு 9-க்குப் பிறகும் தேவன் நாயர் தம் இடத்தில் இருந்தார். தீவு போயிற்று; பங்சார் போகவில்லை. அவரைச் சுற்றி உருவாகிய ஜனநாயகச் செயல் கட்சி 1966 மார்ச்சில் பதிவாயிற்று. 1969-இல் அவர் நிற்கவில்லை. அக்கட்சியின் கோ ஹோக் குவான் பங்சாரை வென்றார். டேவிட் அதே தேர்தலில் பினாங்கின் டத்தோ கிராமாட்டிலிருந்து மன்றம் புகுந்தார்.

யார் அனுப்புகிறார் என்ற கேள்வி கோலாலம்பூருக்கும் உரியதே. 1974 பிப்ரவரி 1-இல் இந்நகர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசம் ஆனது. மேலவையில் மாநிலச் சட்டமன்றங்கள் தெரிவு செய்வோர் 26 பேர். பெர்லிஸுக்கும் இருவர், சிலாங்கூருக்கும் இருவர். மாமன்னர் நியமிப்போர் 44 பேர். கோலாலம்பூரின் சார்பாளர் அவருள் அடங்குவர். கிள்ளான் வாக்காளர் மாநிலச் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் வாக்களிக்கிறார். பிரிக்பீல்ட்ஸ் வாக்காளர் நாடாளுமன்றத்துக்கு மட்டும் வாக்களித்துவிட்டு வீடு திரும்புகிறார்.