பட்டுக் கூடாரம்: யாருடைய வீடு?

நெரி ஒக்ஸ்மன் தலைமையில் எம்.ஐ.ரி. மீடியா லாப் குழுவினர் 2013இல் செய்த பட்டுக் கூடாரத்தைப் பற்றி எழுதுபவர்கள் அநேகமாக ஒரே சொல்லில் வந்து நிற்கிறார்கள்: ஒத்துழைப்பு. மனிதனும் பூச்சியும் சேர்ந்து கட்டியதாம். எனக்கு அந்தச் சொல்லில்தான் சந்தேகம். நான் பார்த்தவை படங்களும் காணொளிகளுமே. சந்தேகத்துக்கு அவையே போதும்.

கணினி வழிநடத்திய இயந்திரம் 26 பல்கோணச் சட்டங்களில் பட்டுநூலை இழுத்துக் கட்டியது. அடிவிளிம்பில் 6,500 பட்டுப்புழுக்களை விட்டார்கள். அவை மேலேறி இடைவெளிகளை நிரப்பின. இருண்ட, நூல் நெருங்கிய பக்கமே புழு போகும் என்பதை முன்பே அறிந்து, எங்கே அடர்த்தி, எங்கே திறப்பு என்று வகுத்திருந்தார்கள். 2020இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் வைத்த இரண்டாவது கூடாரத்துக்கு 17,532 புழுக்கள்.

மெச்ச வேண்டியதும் உண்டு. வழக்கமாகப் பட்டெடுக்கக் கூட்டைக் கொதிநீரில் போடுவார்கள்; ஒரு கூட்டில் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் நூல், உள்ளே இருப்பதற்குச் சாவு. இங்கே புழு நூற்று முடித்து அந்துப்பூச்சியாகவும் ஆகலாம். பட்டு ஆண்களுக்கு ஆகாது என்று கேட்டு வளர்ந்த நாம், அதன் விலையைப் புழு கொடுப்பதைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

ஆனால் அந்தப் புழு கூடு கட்டவில்லை. தட்டையான பரப்பில் விட்டால், கூட்டை நிறுத்த மூலை கிடைக்காமல் விரிப்பாகவே நூற்றுக்கொண்டு போகும். அதற்கு வீடு கிடைக்காததால் நமக்கு மண்டபம் கிடைத்தது. இதை ஒத்துழைப்பு எண்டு சொல்லேலுமா?

ஸூரத்துந் நஹ்லின் 68ஆவது வசனம் தேனீ வீடமைக்கும் இடங்களாக மலையையும் மரத்தையும் சொல்லி, மூன்றாவதாக மனிதர் கட்டுபவற்றையும் சொல்கிறது. இந்த மூன்றாவதில் நாம் நின்று யோசிப்பது குறைவு. சட்டம் மனிதனுடையதாக இருக்கலாம், வீடு தேனீயினுடையது.

இணுவிலில் நானிருக்கும் வீட்டின் யன்னல் நிலையில் குளவி மண்கூடு வைத்திருக்கிறது. வீட்டுக்கார அம்மா உடைக்க விடமாட்டா. "பிள்ளைப்பேறு வரப்போகுது எண்டு அர்த்தம் தம்பி, கிடக்கட்டும்" என்பா. குளவியும் சாதுவல்ல, புழுவைக் கொட்டி மயக்கி உள்ளே அடைத்துத் தன் குஞ்சுக்கு இரையாக வைக்கும். ஆனாலும் யன்னல் எங்களுடையது, கூடு அதனுடையது.

அடுத்த கூடாரம் செய்கிறவர்கள் புழு ஒதுங்க நாலு மூலை விட்டுக் கட்டுவார்களா என்று பார்க்க விருப்பம். விரிப்பு குறையும், ஓட்டை கூடும், படத்துக்கு இவ்வளவு எடுப்பாக இராது.