அறுவைக்கூடத்தில் மனிதர்கள்

மாட்டின் இடத்தில் மனிதனை நிறுத்தி அறுத்துக் காட்டினால், மாட்டுக்கு நேர்வது அநியாயம் என்று நிறுவியதாகுமா? ஆகும் என்ற நம்பிக்கையில்தான் இன்றைய திகில் நாவல்களில் ஒரு வகை எழுதப்படுகிறது. அவற்றில் அதிகம் பேசப்பட்டது, அர்ஜென்டினாவின் அகுஸ்தினா பஸ்தெரிகாவுக்கு 2017இல் கிளாரின் நாவல் பரிசைப் பெற்றுத்தந்த நாவல். ஆங்கிலத்தில் ‘டெண்டர் இஸ் தி ஃப்ளெஷ்’. ஒரு வைரஸ் விலங்கிறைச்சியை நஞ்சாக்கிவிட்டதாகச் சொல்லப்படுகிறது. மனித இறைச்சி சட்டபூர்வமாகிறது. அறுவை ஆலை அதிகாரி மார்கோஸ், வேலை கேட்டு வந்த இருவருக்கு ஆலையைச் சுற்றிக் காட்டும் பகுதியே நாவலின் உயிர். மயக்க அடி, இரத்தம் வடித்தல், தோலுரித்தல் என எல்லாம் அலுவலகக் குரலில் விளக்கப்படுகின்றன. வளர்க்கப்படும் மனிதர்கள் கத்தாதபடி குரல்நாண்கள் முன்பே அகற்றப்பட்டிருக்கும். ஆலையின் விளிம்பில் கழிவிறைச்சிக்காக ஏழைகள் காத்துக் கிடக்கிறார்கள். கொடுமை எப்படி அன்றாட வேலையாகிறது என்பதை எந்தத் துண்டுப்பிரசுரமும் இவ்வளவு துல்லியமாகக் காட்டியதில்லை.

ஆனால் நமக்குக் குமட்டுவது எதனால்? கூண்டில் இருப்பவர் நம்மைப் போன்றவர் என்பதால். விலங்குக்காக எழ வேண்டிய இரக்கத்தை மனித உடல் முழுதாக வாங்கிக்கொள்கிறது. புத்தகத்தை மூடிவிட்டு மட்டன் பிரியாணி சாப்பிடும் வாசகரிடம் முரண்பாடு எதுவும் இல்லை. மனிதரை உண்ணக் கூடாது என்பதை அவர் முன்பே ஏற்றவர். உண்மையில் இந்நாவலில் விலங்கின் வலி நேராக வந்து தைக்கும் இடம் வேறு: கைவிடப்பட்ட மிருகக்காட்சி சாலையில் இளைஞர்கள் நாய்க்குட்டிகளைக் கொல்லும் காட்சி. அங்கே மனிதப் பதிலி யாருமில்லை.

நாவல் வழக்காடத் தேவையில்லையே, அதிர்ச்சி தந்தால் போதாதா என்று கேட்கலாம். அதிர்ச்சி மட்டுமே நோக்கம் என்றால் போதும்தான். இறைச்சித் தொழிலைக் குற்றக்கூண்டில் ஏற்றும் நாவலை அதன் வழக்கைக் கொண்டும் எடைபோட வேண்டும். பதிலி உத்தியே பயனற்றது என்றும் நான் சொல்லவில்லை. மிஷேல் ஃபேபரின் ‘அண்டர் தி ஸ்கின்’ (2000) அதை வேறு கோணத்தில் திருப்பியது. ஸ்காட்லாந்துச் சாலைகளில் ஆண்களைக் காரில் ஏற்றிச்சென்று இறைச்சிக்கு ஒப்படைக்கும் வேற்றுலகப் பெண் இஸ்ஸர்லி, ஆடுகளைத் தின்னலாமே என்ற பேச்சு வரும்போது பதறுகிறாள். ஆடுகள் அவள் இனத்தைப் போல நான்கு காலில் நடப்பவை, உரோமம் உள்ளவை. யாரை உண்ணலாம் என்ற எல்லையை உருவ ஒற்றுமையை வைத்தே அவள் போடுகிறாள். நாமும் அப்படித்தான் போட்டிருக்கிறோமோ என்ற சந்தேகத்திலிருந்து வாசகர் எளிதில் தப்ப முடியாது. பஸ்தெரிகா நம் கருணையைக் கடன் வாங்குகிறார். ஃபேபர் அந்தக் கருணையின் அளவுகோலையே சோதிக்கிறார். திகிலில் பஸ்தெரிகாவே முந்துகிறார். இறைச்சியின் அறத்தைப் பற்றி வாதிட உதவும் நாவல் ஃபேபருடையதுதான்.