தமிழ்99: ‘அம்மா’வுக்கு நான்கே தட்டல்

‘பழம் வாங்கி வா’ என்று வீட்டுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் செயலி பலம், பாலம், பழம் மூன்றையும் நீட்டி, இதில் எது என்று கேட்கிறது. அவசரத்தில் முதலில் வருவதைத் தொட்டுவிட்டால், குடும்பக் குழுவில் ‘பலம் வாங்கி வா’ என்று போய்ச் சேருகிறது. இந்தத் தொல்லை இல்லாமல் தமிழைத் தமிழாகவே அடிக்க 1999 முதல் நம்மிடம் ஒரு விசைப்பலகை இருக்கிறது. அந்த ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99தான் அது. கணினியிலும், செல்லினம் செயலி வழியாகக் கைப்பேசியிலும் அதில்தான் எழுதிவருகிறேன். அன்றாடம் தமிழ் எழுதுகிறவர்கள் வேறெதையும் தேட வேண்டியதில்லை என்பது என் தீர்ப்பு.

அமைப்பைப் பாருங்கள். இடக்கைக்கு உயிரெழுத்து, வலக்கைக்குப் பெரும்பாலான மெய்கள். நடுவரிசையில் அ, இ, உ, எ. ஒவ்வொன்றின் தலைக்கு மேலேயே அதன் நெடில். வலப்பக்க நடுவரிசையில் க, ப, ம, த, ந, ய. ந, ன, ண மூன்றுக்கும் தனித்தனி விசை. ல, ள, ழ மூன்றுக்கும் அப்படியே. எழுத்துகளில் ஷிப்ட் விசை தேவைப்படுவது ஆய்தத்துக்கும் ஜ, ஸ, ஷ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்கும் மட்டும்தான்.

இதன் உண்மையான அழகு புள்ளியில் இருக்கிறது. ‘அம்மா’ அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டல் போதும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாகவே விழுந்துவிடும். மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வந்தாலும் அப்படித்தான்: ப, ந, த, உ என்று தட்டினால் ‘பந்து’ வந்து நிற்கும். இலக்கண வகுப்பில் படித்த இன எழுத்து, விரல் நுனியில் வேலை செய்கிறது. பப்பாளிக்கு மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். முதல் ப-வுக்குப் பின் ஓர் அ தட்டிவிட்டு அடுத்த ப-வுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் முதல் எழுத்திலேயே புள்ளி ஏறிவிடும். தத்துவம், மமதை எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் என்று படித்தவர்களுக்குத்தான் முதலில் கை முரண்டு பிடிக்கும். அங்கே கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடித்துப் பழகியிருப்போம். ‘கொ’ என்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா, இத்தனை கொம்பையும் காலையும் ஒரு இயந்திரத்துக்குள் அடக்கியது பெரும் சாதனை. அவரை நினைக்காமல் தமிழ்த் தட்டச்சைப் பற்றிப் பேசக் கூடாது. வரி முடியும்போது ஒலிக்கும் மணி, கையால் தள்ளும் கேரேஜ், விரலில் ஒட்டிய ரிப்பன் மை எல்லாம் எனக்கு இன்றும் பிடித்தவை. ஆனால் தமிழ்99-இல் க, ஒ என்று இரண்டே தட்டல். நாம் மனத்துக்குள் எழுத்துக்கூட்டும் வரிசையிலேயே கையும் போகிறது. பழைய கை இதற்கு மாறக் கொஞ்ச நாள் பிடிக்கும். மாறியபின் கொம்பைத் தேடி யாரும் திரும்பிப் போக மாட்டார்கள்.

குறைகளும் உண்டு. எப்போதோ ஒருமுறை தேவைப்படும் ஔ-வுக்கு ஒரு முழு விசை; ழகரமோ வலது ஓரத்தில், சுண்டுவிரல் எட்டிப் பிடிக்கும் இடத்தில். கைப்பேசியில் இன்னொரு சிக்கல். ஆங்கிலத்தில் மேல்வரிசைக்குப் பத்து எழுத்துதான். தமிழில் அதைவிடக் கூடுதல் என்பதால் விசைகள் ஒல்லியாகின்றன, பெரிய கட்டைவிரல்காரர்கள் ப-வுக்குப் பதில் க-வைத் தொட்டுவிடுகிறார்கள். இரு கையும் மாறி மாறி ஓடும் தாளம் கணினியில் கிடைக்கும் அளவுக்குக் கைப்பேசியில் கிடைக்காது. பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்ல, குரல்வழித் தட்டச்சே மேல். நாலு பக்கக் கட்டுரைக்கு அது உதவாது. காற்புள்ளியையும் பத்தியையும் பிறகு உட்கார்ந்து சீர்செய்ய வேண்டும்.

முத்து நெடுமாறன் உருவாக்கி 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியான செல்லினத்தில், தமிழ்99, ஆங்கில எழுத்தில் அடிக்கும் அஞ்சல் இரண்டும் உண்டு. ஐபோனில் தனியாக எதையும் நிறுவ வேண்டாம். விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99 இருக்கிறது. விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளிலும் அப்படியே. பழகும்போது விசைகளின் மேல் தமிழ் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். கண் கீழேயே நின்றுவிடும். படத்தை அச்செடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். வீட்டில் உயிரெழுத்து தெரிந்த பிள்ளை இருந்தால் முதலில் அதனிடம் கொடுங்கள். அ-வுக்கு மேலே ஆ இருப்பதை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிடும்.