பங்காளியும் கூலியும்: அரசு, தொண்டு நிறுவனம், ஒரு மினிட்ஸ் நோட்டு

1

மேலநீலிதநல்லூர் ஒன்றியத்துக் கிராமம் ஒன்றில் மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். மினிட்ஸ் நோட்டு கைமாறிக் கொண்டிருந்தது. அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதினார். 'அறிவொளியில படிச்ச கையெழுத்துய்யா இது' என்றார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். 'அது யாரு கண்டா? எழுதிக் கொண்டாந்தாக, போடச் சொன்னாக, போட்டேன்.' சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கையெழுத்தை அவருக்குக் கொடுத்தது அரசும் ஓர் இயக்கமும் சேர்ந்து செய்த வேலை. அதை வாசிக்காமலே போட வைத்ததும் அரசும் நிறுவனங்களும் சேர்ந்து செய்த வேலைதான். இரண்டுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

அரசு ஆவணங்கள் 'பங்கேற்பு', 'கூட்டாண்மை' என்ற சொற்களை ஓயாமல் உற்பத்தி செய்கின்றன. நம் ஊரில் இதற்குப் பங்காளி என்று ஒரு பழைய சொல் உண்டு. பங்காளி பாகம் கேட்பான், கணக்குக் கேட்பான், கல்யாண வீட்டில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். ஆனாலும் அவனை விலக்கிவிட முடியாது. அரசு தொண்டு நிறுவனங்களைப் பங்காளி என்று அழைத்துக் கூலியாக நடத்துகிறது. அந்த நிறுவனங்களும் ஜனங்களிடம் அதே உறவைத்தான் மறுஉற்பத்தி செய்கின்றன.

2

தொண்டு நிறுவனங்கள் ஏகாதிபத்தியத்தின் கருவிகள் என்ற விமர்சனம் நமக்குப் புதிதல்ல. 1984இல் பிரகாஷ் காரத் 'தி மார்க்சிஸ்ட்' இதழில் இதை விரிவாக எழுதினார். அதில் உண்மை இருந்தது. ஆனால் சில ஆண்டுகளிலேயே இடதுசாரிகள் பலர் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் வழியாக அரசோடு சேர்ந்து அறிவொளியில் இறங்கினார்கள். இதை முரண்பாடு என்று தள்ளிவிடாமல், அந்த அனுபவத்திலிருந்து ஏதேனும் ஒரு கோட்பாட்டைப் பெற முடியுமா என்று பார்க்க வேண்டும்.

தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது 1988இல். எர்ணாகுளம் 1990இல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமானது. தொடர்ந்து தமிழகத்தில் புதுக்கோட்டை, நெல்லை என மாவட்டந்தோறும் அறிவொளி பரவியது. 2019இல் தென்காசி மாவட்டத்தோடு சேர்ந்த மேலநீலிதநல்லூர் அப்போது நெல்லையில் இருந்தது. ஆட்சியர் தலைமையில் ஒரு சங்கம் பதிவாகும். பணம் அதற்கு வரும். வேலையை இயக்கத்தார் செய்வார்கள். தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. இந்த அமைப்பில் ஆட்சியரின் அதிகாரம் ஊருக்குள் நுழைய வழிவிட்டது. பாட்டும் நாடகமும் பாடத்தின் மொழியும் இயக்கத்தாருடையவை. புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் கற்றது எழுத்தறிவுப் புள்ளிவிவரத்தின் எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காது. நெல்லை அனுபவத்தை ச. தமிழ்ச்செல்வன் 'இருளும் ஒளியும்' நூலில் பதிவு செய்திருக்கிறார்.

ஆந்திரத்து நெல்லூரில் எழுத்தறிவுப் பாடம் ஒன்று துபகுண்ட கிராமத்துப் பெண்களைச் சாராயக் கடைக்கு எதிராகத் திருப்பியது. 1992இல் அது மாநிலப் போராட்டமாகி, 1993இல் சாராயத் தடையில் முடிந்தது. அரசின் பணத்தில் நடந்த வகுப்பு அரசின் வருமானத்திலேயே கைவைத்தது. பங்காளித்தனம் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆனால் இந்த வெளி ஆட்சியர் ஒருவரின் மனத்தைப் பொறுத்தே இருந்தது. அவர் மாற்றலாகிப் போனால் இயக்கம் திட்டமாகிவிடும். உரிமையாக எழுதி வைக்கப்படாத சுதந்திரத்தின் கதி அவ்வளவுதான்.

3

மகளிர் குழுக்களின் கதை வேறு. 1989இல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரியில் தொடங்கிய முயற்சி, 1997 வாக்கில் மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்க விரிந்தது. குழு அமைப்பது, ஊக்குநருக்கும் பிரதிநிதிக்கும் பயிற்சி தருவது, கணக்கைக் கண்காணிப்பது எல்லாம் தொண்டு நிறுவனங்களின் பொறுப்பு. எத்தனை குழு என்பதே அளவுகோல். எண்ணிக்கைக்குப் பணம் என்றானதும் சுலபமான வழி எதுவோ அதில்தான் வேலை நடக்கும். ஒரே தெருப் பெண்களைச் சேர்ப்பது சுலபம். கிராமத்தில் தெரு என்றால் சாதி. மேலத் தெருவையும் காலனியையும் ஒரே பாயில் உட்கார வைக்க ஆறு மாதம் பிடிக்கலாம். அந்த ஆறு மாதத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. பின்னர் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகள் வந்து, நிறுவனங்கள் மெல்ல ஓரங்கட்டப்பட்டன. வேலை முடிந்ததும் கூலியை அனுப்பி வைப்பதுபோல.

2020இல் வெளிநாட்டு நிதிச் சட்டம் திருத்தப்பட்டது. நிதி பெறும் நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்கக் கூடாது என்றானது. நிர்வாகச் செலவின் வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. பெரிய நிறுவனங்கள் வழியாகப் பிழைத்துக் கொண்டிருந்த சிறிய அமைப்புகளுக்கு இது பலத்த அடி. மத்தியச் சட்டத்தை மாநில அரசால் மாற்ற முடியாது. ஆனால் அந்த இடைவெளியைத் தன் நிதியால் நிரப்ப முடியும்.

4

அப்படி நிரப்புவதானால் எப்படி?

முதலாவது, உழைப்புக்குக் கூலி. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தரப்பட்டது. அறிவொளியில் அதுவும் இல்லை. தொண்டு என்ற புனிதச் சொல்லின் கீழ் கிராமத்துப் படித்த பெண்களின் உழைப்பை மலிவாகப் பெறுவதைக் கூட்டாண்மை என்று சொல்லக் கூடாது. குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத ஊதியத்தையும் அலுவலகச் செலவையும் ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும். பணம் உரிய மாதத்தில் வர வேண்டும்.

இரண்டாவது, காலம். ஆட்சியர் மாறினாலும் மாறாத மூன்று, ஐந்து ஆண்டு ஒப்பந்தம். எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் தெருக்களைக் கடந்து வேலை நடந்ததா என்று பார்க்கும் மதிப்பீடு.

மூன்றாவது, மறுக்கும் உரிமை. திட்டத்தை வெளிப்படையாக விமர்சித்ததற்காக நிதியை நிறுத்த முடியாது என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

நான்காவது, நம் பக்கத்துக் கணக்கு. ஜனங்கள் பேரில் வாங்கிய பணத்தை ஜனங்களிடம் சொல்லாத நிறுவனங்கள் ஏராளம். நிறுவனரும் உறவினருமே நிர்வாகக் குழுவாக இருக்கும் அமைப்புகளையும் நாம் அறிவோம். ஏகாதிபத்திய எதிர்ப்பு பேசியபடியே கணக்கு நோட்டைப் பீரோவில் பூட்டி வைப்பதில் எந்த அரசியலும் இல்லை. ஊராட்சிச் சட்டம் வந்த 1994க்குப் பின் கிராமசபை நமக்கு இருக்கிறது. எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று அரசும் நிறுவனமும் ஒரே மேடையில் அங்கே வாசிக்கட்டும்.

அதற்கும் முன்னால் ஒன்று. கையெழுத்து வாங்குவதற்கு முன் நோட்டைச் சத்தமாக வாசியுங்கள். இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம், அரசாணையும் வேண்டாம். வாசித்தால் கேள்வி வரும், கேள்வி வந்தால் சண்டை வரும் என்று ஒரு களப்பணியாளர் என்னிடம் சொன்னார். வரட்டும். பங்காளிகளுக்குள் வருவதுதானே.