கொலைக்களத்தில் மாறிய முடிவு

சீனாவில் லியாங் ஷான்போ, சூ யிங்தாய் கதையை அறியாதவர் அரிது. ஆண்வேடம் பூண்டு ஹாங்சோவுக்குப் படிக்கப் போனவள் யிங்தாய். உடன் படித்தவன் ஷான்போ. அவளை வீட்டார் வேறொருவனுக்கு நிச்சயித்துவிட, அவன் ஏங்கிச் சாகிறான். அவளது மணநாளில் அவன் கல்லறை பிளக்கிறது. அவள் உள்ளே பாய்கிறாள். இருவரும் பட்டாம்பூச்சிகளாகிறார்கள்.

நம்மிடமும் இத்தகைய கதைகள் உண்டு. ஆரியமாலையைக் காதலித்த காத்தவராயன் கழுவேற்றப்பட்டுத் தெய்வமானான். அம்பிகாபதி கதையிலோ, காதல் கலவாமல் அவன் நூறு பாடல் பாடவேண்டிய சோதனையில், கடவுள் வாழ்த்தையும் சேர்த்து எண்ணி 99ஆம் பாடலிலேயே வெளிப்பட்ட காதலி அமராவதிமேல் பழி விழுகிறது. தண்டனை விதித்த சோழன் தப்பிவிடுகிறான். இறந்தவர்களுக்குச் சிறகும் கோயிலும் தரும் இந்தக் கதைகள் கொன்றவர்களை ஒன்றும் கேட்பதில்லை.

கேட்டவர் புதுச்சேரிக்காரர். பிரெஞ்சு அரசுப் பள்ளித் தமிழாசிரியர் பாரதிதாசன், 1937இல் வந்த ‘புரட்சிக்கவி’யில் வடமொழிப் பில்கணன் கதையை எடுத்துக்கொண்டார். இளவரசி அமுதவல்லிக்கு யாப்புக் கற்பிக்க வருகிறான் உதாரன். அவன் குருடன் என்று அவளிடமும், அவளுக்குத் தொழுநோய் என்று அவனிடமும் சொல்லி நடுவே திரை கட்டுகிறார்கள். நிலவைக் கண்டு அவன் பாடுகிறான். குருடன் எப்படி நிலவைப் பாடுவான் என்று அவள் திரையை விலக்குகிறாள். சூழ்ச்சி கலைகிறது. காதல் மலர்கிறது. அதை அறிந்த மன்னன் கொலைத்தண்டனை விதிக்கிறான்.

மன்னன் மனமிரங்கி இருவரையும் சேர்த்துவைப்பதாகப் பழங்கதைக்கு ஒரு முடிவு வழங்குகிறது. அந்த இரக்கமும் வேண்டாம் என்றார் பாரதிதாசன். கொல்வதும் மன்னிப்பதும் ஒரே கையில் இருப்பதுதானே கொடுமை? கொலைக்களத்தில் உதாரன், காட்டைத் திருத்தி ஊராக்கிய உழைப்பாளிகளின் உரிமையைப் பேசுகிறான். மக்கள் பொங்குகிறார்கள், முடியாட்சி போய் ஆட்சி எல்லார்க்கும் பொதுவாகிறது. பாஸ்டில் சிறை தகர்ந்த ஜூலை 14ஐக் கொண்டாடும் ஊரில் இந்த முடிவு பிறந்தது பொருத்தமே. தமிழில் காதல் காவியத்துக்கு இத்தனை துணிவான முடிவை வேறு எவரும் தந்ததாக நான் நினைக்கவில்லை.

ஆனால் அந்தத் துணிவு ஒரு பக்கத்தைப் பார்க்காமல் விட்டது. பாட்டில் பகைவன் அரசன் ஒருவன்தான். கூடிநிற்கும் மக்கள் களங்கமில்லாதவர்கள், ஒரே பேச்சில் விழித்துக்கொள்கிறார்கள். நம் காலத்தில் காதலர்மேல் அரிவாளை ஓங்குவது பெற்ற வீடும் உற்ற சாதியும். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், கடைத்தெருவில், பட்டப்பகலில், சாதி கடந்து மணந்த இளம் இணையர்மேல் அந்த அரிவாள் விழுந்தது. சுற்றி மக்கள் இருந்தார்கள். முடியாட்சி ஒழிந்த பின்னும் ஒழியாத அதிகாரம் அது. இன்னொரு குறை: களத்தில் நெடிய உரை உதாரனுக்கே வாய்த்தது.

ஆயினும் அரசருக்கென்று ஒரு தனிச்சாதி உண்டா என்று அவையில் தந்தையின் முகத்துக்கு நேரே கேட்டவள் அமுதவல்லி. உதாரனின் பேச்சை மேடைதோறும் முழங்குகிறோம். இனி அவள் கேள்வியையும் சேர்த்து முழங்குங்கள். அதைக் கேட்க வேண்டியவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.