இருட்டுவதற்குள் வீடு

"அத்தை, இருட்டறதுக்குள்ள ஒரு வீடு கட்டிடணும்" என்றாள் அண்ணன் மகள். மைன்கிராஃப்ட் உலகத்துக்குள் நான் கண்விழித்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. அங்கே பகல் என்பது நம் கடிகாரத்தில் பத்து நிமிடம். இரவும் சேர்ந்து இருபது நிமிடத்தில் ஒரு நாள் முடிந்துவிடும்.

"இருட்டறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடு" என்பதைக் கேட்காமல் வளர்ந்த மாணவி என் வகுப்பில் ஒருத்திகூட இருந்ததில்லை. அதே வாக்கியம்தான் இங்கே சற்றுத் திருத்தப்பட்டு வருகிறது. வந்துவிடு என்பதற்குப் பதிலாகக் கட்டிவிடு. எனக்கு எரிச்சல் வந்தது. கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "செத்துடுவீங்க" என்றாள் சாதாரணமாக.

அந்த எரிச்சலில் தொடங்கியதுதான் என் நாடோடி ஆட்டம். இந்த விளையாட்டு 2009இல் ஸ்வீடனில் பிறந்தது, 2011இல் முழுமையாக வெளியானது. 2014இல் மைக்ரோசாஃப்ட் இதன் நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்கியது. 2023க்குள் 30 கோடிப் பிரதிகளுக்குமேல் விற்றுவிட்டது. உலகமே கனசதுரக் கட்டைகளால் ஆனது. மரத்தை வெட்டிப் பலகை, பலகையில் கருவி, கருவியால் கல், கல்லால் வீடு என்று போகும். வீடு கட்டித்தான் ஆக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. ஆனால் பெட்டி, அடுப்பு, கோதுமை வயல், ஆட்டுப்பட்டி என்று எல்லாமே நம்மை ஓரிடத்தில் உட்காரவைக்கும் ஏற்பாடுகள். விதி இல்லாமலேயே எல்லோரும் வீடு கட்டுகிறார்கள் என்றால் அதைத்தான் நாம் கருத்தியல் என்கிறோம்.

இதை மறுத்து ஆடுகிறவர்கள் தங்களுக்குத் தாங்களே விதி வைத்துக்கொள்கிறார்கள். என் விதிகள் மூன்று. வீடு கட்டக் கூடாது. பெட்டியில் எதையும் சேர்த்துவைத்துவிட்டு வரக் கூடாது. ஒரே இடத்தில் இரண்டு இரவு தூங்கக் கூடாது. ஆக, சுமக்க முடிந்ததுதான் சொத்து. சுமப்பதற்கு 36 கட்டங்கள் உண்டு. கல்லும் மரமும் ஒரு கட்டத்துக்கு 64 வரை அடுக்கும். கோடரி போன்ற ஒரு கருவிக்கோ ஒரு முழுக் கட்டம் போய்விடும். மூன்றாம் நாளே பை நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு அடியும் எதை எறிவது என்ற கேள்விதான். இரும்பா, ரொட்டியா? படுக்கையா, படகா? வீடு கட்டி ஆடுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி வருவதே இல்லை, இன்னொரு பெட்டி செய்துகொள்வார்கள். அண்ணன் மகளின் வீட்டில் பெட்டிகளுக்கென்றே ஒரு நிலவறை இருக்கிறது. அதில் பாதியில் என்ன இருக்கிறது என்று அவளுக்கே நினைவில்லை. நம் வீட்டுப் பரண்தான்.

படுக்கையை மட்டும் என்னால் எறிய முடியவில்லை. இரவைக் கடக்க அது வேண்டும். மூன்று நாள் தூங்காமலிருந்தால் வானத்திலிருந்து ஃபேன்டம் என்கிற பேய்ப்பறவைகள் இறங்கித் தாக்கும். 2018இல் சேர்த்த ஏற்பாடு இது. அது மட்டுமல்ல, கடைசியாகப் படுத்த படுக்கை எங்கே இருக்கிறதோ அங்கேதான் செத்தபின் மறுபடி பிறப்போம். நாடோடி காலையில் படுக்கையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். வழியில் செத்தால், திரும்பிப் போக அவளுக்குப் படுக்கை இல்லை. விளையாட்டு அவளை உலகம் தொடங்கிய இடத்துக்கே தூக்கி எறிந்துவிடும். திசைகாட்டியும் அந்த இடத்தைத்தான் காட்டும், வடக்கை அல்ல. எவ்வளவு தூரம் போனாலும் பிறந்த வீட்டுப் பக்கமே திரும்பி நிற்கும் முள்! கல்யாணமான பெண்ணுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த உலகத்தில் என்னைப் போலவே திரிகிற இன்னொரு ஜீவன் உண்டு. 2019இல் சேர்த்த அலைந்து திரியும் வியாபாரி. இரண்டு லாமாக்களைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு திடீரென்று வந்து நிற்பார், சற்று நேரம் கழித்துக் காணாமல் போவார். கிராமத்தார்களுக்குக் கட்டிலும் தொழிலும் உண்டு. இவருக்கு இரண்டும் இல்லை. இரவானால் ஒரு மருந்தைக் குடித்து உருவத்தை மறைத்துக்கொள்வார். வீடில்லாதவர் இரவில் கண்ணில் படாமலிருப்பதுதான் பாதுகாப்பு என்று இதை வடிவமைத்தவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் ஆடுகிறவர்களுக்கு அவர் ஒரு கேலிப்பொருள். கயிற்றுக்காகவே அவரைக் கொன்றுவிடுவார்கள்.

எனக்கு அந்த மருந்து வேண்டியிருக்கவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும். இந்த விளையாட்டில் விலங்குகளுக்குக்கூடப் பால் பேதம் கிடையாது, எந்த இரண்டு மாடும் கன்று ஈனும். (மனித உருவத்துக்கு மட்டும் ஸ்டீவ் என்று பெயர் இருந்தது. 2014இல் அலெக்ஸ் வந்தாள், கை சற்று மெலிந்தவளாக.) இரவில் துரத்துகிற பிணமும் எலும்புக்கூடும் நான் யார் என்று பார்ப்பதில்லை. மலையடிவாரத்தில், மழையில், நள்ளிரவில் தனியாக நடந்தேன். சாவுக்கு மட்டுமே பயந்துகொண்டு இரவில் நடப்பது நாற்பது வயதுக்குமேல் எனக்குப் புது அனுபவம். ஆண்கள் இப்படித்தான் நடக்கிறார்களா என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் இதை விடுதலை என்று எழுதிவிடக் கை வரவில்லை. என் நாடோடிக்குப் பசி உண்டு, அது அவளுடைய பசி மட்டும்தான். குழந்தை இல்லை, முதியவர் இல்லை, மேய்க்க ஆடு இல்லை. நிலமும் ஆளற்றது; ஆள் இருக்கிற கிராமத்தின் வயலில் நான் கோதுமையை அறுத்துக்கொண்டு போனாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. குடியேற்றக்காரர்களின் கனவு நிலம் இப்படித்தான் இருந்திருக்கும். வெட்டிய மரத்துக்கு ஒரு கன்று நட்டுவிட்டு நகர்ந்தேன் என்பது என் மனசாட்சிக்கு நான் போட்ட வாய்க்கரிசி.

உண்மையான நாடோடி வாழ்வில் வீடு இல்லாமல் போவதில்லை, அது கூடவே நகர்கிறது. சஹாராவின் துவாரெக் மக்களிடம் கூடாரம் பெண்ணுடையது. மணமுறிவு ஏற்பட்டால் கூடாரம் அவளோடு போகும், அவன்தான் வெளியே நிற்பான். இல்லாள் என்றால் மனைவி, இல்லான் என்றால் ஒன்றுமில்லாதவன் என்று நான் வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். நம் ஊரில் அது வெறும் சொல் வேடிக்கை. வீடு பெரும்பாலும் அவன் பெயரிலேயே இருக்கிறது. துவாரெக் பெண்ணுக்கோ அது சொத்துரிமை.

ஒரு விஷயம் எனக்குச் சிரிப்பையும் கோபத்தையும் சேர்த்தே தந்தது. வாளும் வில்லும் தொடக்கத்திலிருந்தே இருந்த இந்த விளையாட்டில், ஒரு தோலும் ஒரு நூலும் சேர்த்துச் செய்கிற சாதாரண மூட்டை 2024 அக்டோபரில்தான் முழுமையாக வந்தது. சிறுசிறு பொருள்களை ஒரே கட்டத்தில் கலந்து கட்டிக்கொள்ளலாம். எலிசபெத் ஃபிஷரின் சிந்தனையைத் தொட்டுக்கொண்டு உர்சுலா லெ குவின் 1986இல் எழுதிய பை பற்றிய கட்டுரையை எம்.ஏ. மாணவிகளோடு படித்திருக்கிறேன். மனிதர் செய்த முதல் கருவி ஆயுதமாக இராமல், சேகரித்ததைப் போட்டுவைக்கும் பையாக இருந்திருக்கலாம் என்பது அதன் அடிப்படை. மலைபடுகடாத்தில் கூத்தர் கூட்டம் வாத்தியங்களைக் கட்டிச் சுமக்கும் பைக்குக் கலப்பை என்று பெயர். பலாக்காய்க் கொத்துபோல அவை தொங்கும். அந்தக் கூட்டத்தில் விறலியரும் நடக்கிறார்கள். பையின் வரலாறு அவ்வளவு பழையது. விளையாட்டுக்கு அது நினைவுக்கு வரப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

மூட்டை என்றால் எனக்கு அம்மாதான். அப்பாவின் வேலை மாற்றலில் அம்மா பதினொரு முறை வீடு மாறினாள். யாரும் அவளை நாடோடி என்று சொன்னதில்லை. ஊரைத் தீர்மானித்தது அலுவலகம், நாளைத் தீர்மானித்தது அப்பா, லாரியில் எவ்வளவு ஏற்றலாம் என்று தீர்மானித்தது லாரிக்காரர். கட்டுவது மட்டும் அம்மா. அஞ்சறைப்பெட்டியை மூடியோடு துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வருவாள். ஒரு மாற்றலில் அம்மிக்கல்லை விட்டுவிட்டு வரச் சொல்லிவிட்டார்கள், கனம் என்று. குழவியை மட்டும் சேலைகளுக்கு நடுவே செருகிக் கொண்டுவந்திருந்தாள். கல் இல்லாத குழவி எதற்கு என்று நாங்கள் கேலி செய்தோம். அது இன்னும் இருக்கிறது, கதவு சாத்தாமலிருக்க முட்டுக்கொடுத்து.

எதை எறிவது என்று நான் 36 கட்டங்களுக்கு முன்னால் உட்கார்ந்து யோசிக்கிற அந்தப் பத்து விநாடி அம்மாவுக்கு ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை. நடையையும் இரவையும்விட எனக்கு இந்த ஆட்டத்தில் பெரிதாகப்பட்டது அந்தப் பத்து விநாடிதான்.

ஒருநாள் அம்மா பின்னால் வந்து நின்று பார்த்தாள். திரையில் விடிந்துகொண்டிருந்தது. நான்கு மீன்களைச் சுட்டு எடுத்துக்கொண்டு, கணப்பை எரியவிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

"நெருப்ப அப்படியே விட்டுட்டா போற?"

"இத முழுசா எடுக்க முடியாதும்மா. உடைச்சா ரெண்டு கரிதான் கிடைக்கும்."

"அந்த ரெண்டையாவது எடுத்துக்கடி."

பையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. எடுத்துக்கொண்டேன்.